சாய்தளம் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை

வேம்பு | திங்கள், காலை 7:50

வணக்கம். ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கையால் தள்ளும் நாற்காலி. கைகளில் பலம் உண்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. போன மாதம் ஒரு புது அலுவலகத்தில் சேர்ந்தேன். நேர்காணலின்போதே "எங்கள் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது" என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிறது. நல்ல சரிவு, இருபுறமும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சாய்தளம் முடிகிற இடத்திலேயே கதவு. நடுவில் சமதளம் என்று ஒரு முழம்கூட இல்லை. கதவு என் பக்கமாக இழுத்துத் திறக்கும் வகை. கைப்பிடியைப் பிடிக்க ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தால் நாற்காலி பின்னால் உருளப் பார்க்கிறது. ஒரு கையால் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு மறு கையால் இழுத்தால் நாலு விரல் அகலம் திறந்து மறுபடி சாத்திக்கொள்கிறது. பிரேக் போட்டுவிட்டு முழு பலத்தோடு இழுத்தால் கதவு என் கால்தட்டில் வந்து இடிக்கிறது. அது திறக்கும் வழியில்தானே நான் நிற்கிறேன்.

அதனால் யாராவது வரும்வரை காத்திருக்கிறேன். தினமும் ஏழெட்டு நிமிடம். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஓடிவந்து திறக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனாலும் என் வேலைக்கு நான் போக இன்னொருவர் வந்தாக வேண்டும் என்பது மனதை அறுக்கிறது. மழை பெய்த அன்று கதவுக்கு ஒரு கை தூரத்தில் நனைந்துகொண்டு இருந்தேன்.

நிர்வாகத்திடம் பேசப் போகிறேன். "கதவு கனமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் "எல்லோருக்கும் அப்படித்தான்" என்பார்கள். எதையெல்லாம் அளந்து கொண்டுபோக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி | திங்கள், காலை 8:15

அக்கா, படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் இந்த இழையை விடாமல் படிப்பேன். பக்கவாதம் வந்த அப்பாவோடு நானும் தினம் கதவுகளோடு போராடுகிறேன்.

திருப்புளி | திங்கள், காலை 9:05

வேம்பு அம்மா, இருபது வருடமாகக் கதவு பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்குங்கள். அதைக் கைப்பிடியில் மாட்டி, கதவுக்கு நேர் குறுக்காக மெதுவாக இழுங்கள். அசையத் தொடங்கும்போது எத்தனை கிலோ, பாதி திறக்கும்போது எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். தள்ளும் கதவாக இருந்தால் கைப்பிடியில் கயிறு கட்டி மறுபக்கத்திலிருந்து இழுக்கலாம்.

இழுக்கும் விசையை விதிகளில் நியூட்டன் என்ற அலகில் சொல்வார்கள். தராசில் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 10 நியூட்டன். அமெரிக்க விதியில் கட்டடத்தின் உள்ளே இருக்கும் சாதாரணக் கீல் கதவுக்கு உச்சவரம்பு 22 நியூட்டன்தான். அதாவது தராசில் இரண்டே கால் கிலோ. பிரிட்டன் வழிகாட்டியில் முதல் 30 பாகைக்கு 30 நியூட்டன், அதற்குப் பிறகு 60 பாகை வரை 22.5. வெளிக்கதவுக்கு அமெரிக்கர்கள் எண் எதுவும் வைக்கவில்லை. காற்று தள்ளும், அதை மீறிக் கதவு சாத்தியாக வேண்டும் என்பதால்.

இரண்டு எண்களைத் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் மட்டும் கனம், திறந்த பிறகு லேசு என்றால் குற்றவாளி பெரும்பாலும் காற்றழுத்தம் அல்லது பூட்டின் நாக்கு. கடைசிவரை ஒரே கனம் என்றால் டோர் குளோசரின், அதாவது திறந்த கதவைத் தானாகச் சாத்தவைக்கும் கருவியின் ஸ்பிரிங். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். "கதவு சரியாகச் சாத்தவில்லை" என்று புகார் வரும். போகிற ஆள் குளோசரின் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு வந்துவிடுவார். கதவு டமாரென்று சாத்தும், புகார் தீரும். உண்மையில் கீல் லேசாகத் தொங்கி, பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் தகட்டில் உரசிக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டை இரண்டு மில்லிமீட்டர் இறக்கியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் ஸ்பிரிங்கை இறுக்கிய ஒவ்வொரு தடவையும் ஒரு வயதானவருக்கு அந்தக் கதவு மூடிப்போகிறது. நானும் தொடக்க காலத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

நிழல்மரம் | திங்கள், முற்பகல் 11:20

நான் கட்டட வடிவமைப்பாளர். திருப்புளி அண்ணன் கதவைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் கதவுக்கு முன்னால் இருக்கும் தரையைப் பற்றிச் சொல்கிறேன். வேம்புவின் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இழுத்துத் திறக்கும் கதவு ஒரு கால் வட்டத்தைத் தரையில் துடைத்துக்கொண்டு வரும். அந்தக் கால் வட்டத்துக்கு வெளியே நிற்க நாற்காலிக்கு இடம் வேண்டும். எங்கே நிற்பது? கைப்பிடி இருக்கும் பக்கம், கதவைத் தாண்டி, சுவரை ஒட்டி. அமெரிக்க அளவில் அந்தப் பக்கவாட்டு இடம் 455 மி.மீ., முன்னால் சமதளத்தின் ஆழம் 1525 மி.மீ. பிரிட்டனில் பக்கவாட்டு இடம் குறைந்தது 300 மி.மீ. இந்த இடம் இருந்தால் நாற்காலியைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, கதவு தன்னைக் கடந்து போனதும் உள்ளே நுழையலாம். கைப்பிடிக்குப் பக்கத்திலேயே சுவரோ தூணோ பூந்தொட்டியோ இருந்தால் எவ்வளவு லேசான கதவும் பயனில்லை. பூந்தொட்டியை அழுத்திச் சொல்கிறேன். வரைபடத்தில் நாங்கள் விட்ட இடத்தில் பிறகு யாரோ அழகுக்காக அதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

சாய்தளத்தின் உச்சியில் சமதளம் விடாதது வடிவமைப்புப் பிழை. 1:12 சரிவு, அதாவது ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அதன் இரு முனையிலும் சமதளம் வேண்டும் என்பது அதே விதியின் அடுத்த வரி, அதைத்தான் படிக்காமல் விடுகிறார்கள்.

அப்புறம் அகலம். கதவின் அகலத்தை அளக்காதீர்கள். 90 பாகைக்குத் திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலையின் விளிம்புவரை அளங்கள். அதுதான் கிடைக்கும் வழி. அமெரிக்க விதியில் அது குறைந்தது 815 மி.மீ. 800 மி.மீ. கதவு போட்டுவிட்டு 800 கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கதவின் தடிமனும் நிலையின் விளிம்பும் ஐந்தாறு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நாற்காலி நுழைந்தாலும் சக்கரத்தைத் தள்ளும் விரல் முட்டிகள் நிலையில் உரசும்.

வேம்பு | திங்கள், மதியம் 1:10

விரல் முட்டி உரசுவது என்று நீங்கள் எழுதியதும் கையைப் பார்த்துக்கொண்டேன். வலது கையில் இரண்டு தழும்பு இருக்கிறது.

தராசு நாளை வாங்குகிறேன்.

பொன்வண்டு | திங்கள், மாலை 6:30

நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மறுபக்கத்தின் பேச்சும் இங்கே வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் முன்கதவும் கனம்தான். குளோசரைத் தளர்த்தினால் கதவு முழுதாகச் சாத்தாது, திருட்டுப் பயம். தீத்தடுப்புக் கதவுகளில் கைவைக்கக் கூடாது என்று அறிவுரை. தானியங்கிக் கதவு போடச் செலவு அதிகம், பிறகு பராமரிப்பு. பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது, படி கிடையாது, கேட்டால் காவலாளி திறந்துவிடுவார். இவ்வளவு இருக்கும்போது முன்கதவையே மாற்ற வேண்டும் என்பது அவசியமா? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கார்முகில் | திங்கள், மாலை 7:15

ஐயா, கேட்டதற்கு நன்றி. இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலிருந்து ஊன்றுகோல்களோடு நடப்பவன் நான். பக்கவாசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் போன பக்கவாசல்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. குப்பைத்தொட்டி இருக்கும் இடம். விளக்கு இல்லை. பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று தெரிய முன்வாசலுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும், அங்கேதான் படிகள். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் மனைவியும் பிள்ளைகளும் முன்வாசல் வழியாகப் போனார்கள். நான் சமையல்கட்டு வழியாகப் போனேன். உள்ளே போனதும் என் சின்ன மகள், "அப்பா, நீங்கள் ஏன் எங்களோடு வரவில்லை?" என்று கேட்டாள். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

காவலாளி திறந்துவிடுவார் என்கிறீர்கள். அவர் சாப்பிடப் போயிருக்கும் நேரம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பும் நேரம் இருக்கும். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு கட்டடங்களை அணுகுவதை மற்றவர்களோடு சமமான உரிமையாகத்தான் எழுதியிருக்கிறது. பக்கவாசல் எங்கேயாவது தவிர்க்கவே முடியாமல் வரலாம். ஆனால் முதல் பதிலாக அது வரக் கூடாது.

திருப்புளி | திங்கள், இரவு 8:40

பொன்வண்டு ஐயா, உங்கள் கவலைகளில் இரண்டு என் வேலைக்குள் வருகின்றன.

திருட்டுப் பயம். குளோசரில் இழுக்கும் பலமும் மூடும் வேகமும் வேறு வேறு. பலம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது எண்ணெய் போகும் சின்ன வால்வுகள். ஒரு வால்வு, கதவு பெரும்பகுதித் தூரம் வரும் வேகத்துக்கு. இன்னொன்று, கடைசிச் சில பாகைக்கு. ஸ்பிரிங்கைக் குறைத்து, கடைசி வால்வைச் சற்றே திறந்துவிட்டால் கதவு மெதுவாக வந்து கடைசியில் மட்டும் ஒரு வேகம் எடுத்துப் பூட்டின் நாக்கை உள்ளே தள்ளும். கால் திருப்பு, அதற்குமேல் வேண்டாம், திருப்பியதும் சாத்திப் பாருங்கள். வால்வை முழுதாகக் கழற்றினால் எண்ணெய் கொட்டி குளோசரே போய்விடும். மழை, வெயில், குளிருக்கு எண்ணெயின் கெட்டித்தன்மை மாறும், அதனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும்.

தீத்தடுப்புக் கதவு. அதில் நீங்களாக ஸ்பிரிங்கைக் குறைக்காதீர்கள், அந்த அறிவுரை சரி. ஐரோப்பியத் தர அளவுப்படி குளோசரின் பலம் 1 முதல் 7 வரை. தீக்கதவுக்குக் குறைந்தது 3 வேண்டும். அது 950 மி.மீ. அகலக் கதவுக்கான பலம். ஆனால் அந்தக் கதவு நாள் முழுதும் சாத்தியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மின்காந்தப் பிடிப்பான் போட்டுத் திறந்தே வைக்கலாம். தீ எச்சரிக்கை மணி அடித்தாலும் மின்சாரம் போனாலும் காந்தம் விட்டுவிடும், கதவு தானாகச் சாத்தும். நடைபாதைக் கதவுகளுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. கட்டை வைத்தோ தீயணைப்பு உருளையை முட்டுக் கொடுத்தோ திறந்துவைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தொடுவிரல் | திங்கள், இரவு 10:05

பிறவியிலேயே பார்வை இல்லாதவள் நான். திரைவாசிப்பான் வழியாக இந்த இழையைக் கேட்டேன். இதுவரை பேசியதெல்லாம் கதவின் கனம் பற்றி. எனக்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஆபத்து, பாதி திறந்து நிற்கும் கதவு.

சாத்திய கதவைக் கோல் கண்டுபிடிக்கும். முழுதாகத் திறந்த கதவு சுவரோடு இருக்கும். பாதியில் நிற்கும் கதவின் விளிம்பு கோலுக்குத் தப்பிவிடும். கோல் அதன் ஒரு பக்கமாகப் போகும், நெற்றி விளிம்பில் மோதும். எனக்குப் புருவத்தில் தையல் போட்டது அப்படித்தான். அதனால் காந்தப் பிடிப்பான் போடுபவர்கள் கதவு சுவரை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

தானியங்கிக் கதவிலும் பக்கவாட்டில் நகர்வது எனக்குப் பிடிக்கும். என் பக்கமாக வீசித் திறப்பது பயம். எப்போது வரும், எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாது. அப்படித்தான் போட வேண்டும் என்றால் கதவு வீசும் எல்லைக்கு இருபுறமும் தடுப்புக் கம்பி போடுங்கள், கோல் அதில் தட்டும்.

கோலுக்கும் காலுக்கும் வழிகாட்டத் தரையில் பதிக்கும் புடைப்புக் கட்டைகளை ஜப்பானில் செய்யிச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒக்காயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுதும் இருக்கின்றன. ஆனால் வாசல்வரை கொண்டுவந்து, கதவுக்கு இரண்டு மீட்டர் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குமேல் நான் கண்ணாடியைத் தடவிக் கைப்பிடி தேட வேண்டும். கடைசிக் கட்டை, கைப்பிடி இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

நிழல்மரம் | செவ்வாய், காலை 8:00

தொடுவிரல் எழுதியதை என் அலுவலகத்தில் எல்லோரையும் படிக்கச் சொன்னேன். புடைப்புக் கட்டை எங்கே முடிகிறது என்பதை நானே பலமுறை ஒப்பந்ததாரரின் முடிவுக்கு விட்டிருக்கிறேன். இனி வரைபடத்திலேயே காட்டுவேன்.

கண்ணாடிக் கதவு பற்றி ஒரு வார்த்தை. மங்கலான பார்வை உள்ளவர்களுக்குச் சட்டமில்லாத முழுக் கண்ணாடிக் கதவு வெறும் காற்று மாதிரித் தெரியும். பிரிட்டன் வழிகாட்டி இரண்டு உயரத்தில் அடையாளப் பட்டை கேட்கிறது: தரையிலிருந்து 850 முதல் 1000 மி.மீ.க்குள் ஒன்று, 1400 முதல் 1600க்குள் இன்னொன்று. பட்டை பின்னணியோடு கலக்காத நிறத்தில் இருக்க வேண்டும். உறைபனி போன்ற வெள்ளை ஸ்டிக்கர், பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் தெரியாது. பகலிலும் பாருங்கள், இரவில் உள்ளே விளக்கு எரியும்போதும் பாருங்கள்.

செவ்வந்தி | செவ்வாய், காலை 8:45

அப்பாவுக்கு வலது கை வேலை செய்யாது, இடது கையில் பிடி குறைவு. எங்கள் வீட்டுக் கதவுகளில் உருண்டைக் குமிழ்தான் இருந்தது. கழிவறைக்குள் போய் வெளியே வர முடியாமல் கத்தினார். அதை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது. மறுநாளே எல்லாவற்றையும் அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடியாக மாற்றினோம். முழங்கையால் அழுத்தினாலும் திறக்கிறது.

வாங்கும்போது கடையிலேயே கையை முஷ்டியாக மூடிக்கொண்டு திறந்து பாருங்கள். மூடிய கையால் திறக்க முடிந்தால் அப்பா போன்றவர்களாலும் முடியும்.

கைப்பிடியின் நுனி கதவைப் பார்த்து வளைந்திருக்கட்டும். நேராக நீட்டிக்கொண்டிருந்த ஒன்றில் அப்பாவின் சட்டைக் கை மாட்டி விழப்போனார்.

கார்முகில் | செவ்வாய், காலை 9:30

செவ்வந்தி, கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும் மா. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

என் அனுபவத்தில் வாசற்படி மேடும் கதவு மூடும் வேகமும்தான் விழவைப்பவை. மேடு 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க அளவு, அதுவும் 6க்கு மேல் இருந்தால் விளிம்பைச் சரிவாகச் செதுக்க வேண்டும். எனக்கு அந்த 13 மி.மீ.யே சிரமம். ஊன்றுகோலின் ரப்பர் நுனி அதில் தட்டும். மேடே இல்லாமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். தடிமனான மிதியடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. தரையில் குழி வெட்டி மட்டமாகப் பதியுங்கள்.

மூடும் வேகத்துக்கு வருகிறேன். முதல் கோல் உள்ளே, ஒரு கால் உள்ளே, இரண்டாவது கோல் இன்னும் வெளியே. அந்த நேரத்தில் கதவு வந்து முதுகில் தள்ளும். இரண்டு கையும் கோலில் இருப்பதால் தடுக்க முடியாது.

திருப்புளி | செவ்வாய், காலை 10:10

அதற்கும் எண் இருக்கிறது. 90 பாகையில் திறந்த கதவு, சாத்துவதற்கு 12 பாகை மீதம் இருக்கும் இடத்துக்கு வர குறைந்தது 5 விநாடி எடுக்க வேண்டும். கைபேசியில் நேரம் பார்த்தே அளந்துவிடலாம். நான் போகும் இடங்களில் இரண்டு விநாடியில் வரும் கதவுகளே அதிகம். சில குளோசர்களில் தாமத வால்வு உண்டு, திறந்த கதவு கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகுதான் மூடத் தொடங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெண்கொக்கு | செவ்வாய், பிற்பகல் 3:20

நான் காது கேளாதவன். என்னைக் கதவுப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை, கதவைத் திறக்கத்தான் என்னால் முடியுமே. ஆனால் பூட்டிய வாசலில் பேசித் திறக்கும் கருவி மட்டும் இருந்தால் என் கதையும் வேம்புவின் கதைதான். பொத்தானை அழுத்துகிறேன். யாராவது பேசுகிறார்களா, காத்திருக்கச் சொல்கிறார்களா, மறுத்துவிட்டார்களா, எதுவும் தெரியாது. "கதவு திறந்துவிட்டது" என்று ஒலி வரும் அந்த மூன்று விநாடியை நான் தவறவிடுவேன்.

அழைப்பு போகிறது, எடுத்துவிட்டார்கள், திறந்துவிட்டது. இந்த மூன்றுக்கும் மூன்று விளக்கு போதும். தொடுதிரையைத் தொடுவிரல் அக்காவால் பயன்படுத்த முடியாது, எனவே பொத்தான்களும் இருக்கட்டும்.

கதவில் ஒரு கண்ணாடிப் பட்டையும் வேண்டும். மறுபக்கம் ஆள் வரும் காலடிச் சத்தம் எனக்குக் கேட்காது.

நிழல்மரம் | செவ்வாய், பிற்பகல் 4:00

அந்தக் கண்ணாடிப் பட்டை தரையிலிருந்து 500 மி.மீ.யில் தொடங்கி 1500 வரை போக வேண்டும். நிற்பவரின் கண்மட்டத்தில் சின்னச் சதுரமாக வைத்தால் நாற்காலியில் இருப்பவரும் குழந்தையும் கதவுக்குப் பின்னால் மறைந்துபோவார்கள்.

பொன்வண்டு | செவ்வாய், இரவு 9:00

நேற்று கேட்ட கேள்விக்கு இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கார்முகில் தம்பியின் மகள் கேட்டது மனதில் நிற்கிறது.

இன்று எங்கள் முன்வாசலை அளந்தேன். இரட்டைக் கதவு. ஒரு பக்கம் எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். திறக்கும் பக்கம் மட்டும் கிடைக்கும் வழி 640 மி.மீ. பன்னிரண்டு வருடமாகத் தினமும் அதன் வழியாகப் போகிறேன், இது தெரியாது. நான்காம் மாடியில் ஒரு பாட்டியம்மா நாற்காலிக்கு மாறிய பிறகு கீழே வருவதே இல்லை. உடம்பு முடியவில்லை போலும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இரண்டு கதவையும் ஒரே அளவில் விடாமல் ஒன்றை அகலமாக, மற்றதைக் குறுகலாக மாற்றலாமா? தானியங்கிக் கருவி பற்றியும் சொல்லுங்கள்.

நிழல்மரம் | செவ்வாய், இரவு 9:50

மாற்றலாம். அகலமான கதவு மட்டும் திறந்தாலே 815க்கு மேல் கிடைக்கும்படி செய்யுங்கள், முடிந்தால் 900. நிலையை உடைக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கதவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் குறைகிறது என்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு. கதவை வழியிலிருந்து முழுதாக விலக்கிவிடும் வளைகீல்கள். கதவின் தடிமன் அளவுக்கு இடம் திரும்பக் கிடைக்கும்.

தானியங்கியில் இரண்டு வகை. ஒன்று சென்சார் பார்த்ததும் வேகமாகத் திறப்பது. இன்னொன்று பொத்தானை அழுத்தினால் மெதுவாகத் திறப்பது, மறித்தால் நின்றுவிடும். பழைய கதவிலேயே இரண்டாவது வகைக் கருவியைப் பொருத்தலாம். உங்களைப் போன்ற குடியிருப்புக்கு அது போதும். பொத்தானைக் கதவு வீசும் எல்லைக்கு வெளியே வையுங்கள். அழுத்தியவரையே கதவு அடிக்கும் இடத்தில் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் கையால் திறக்க வர வேண்டும், வாங்கும் முன் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

தானாக நகரும் கண்ணாடிக் கதவு எப்படி வந்தது தெரியுமா? 1954-இல் டெக்சாஸில் ஹார்ட்டன், ஹீவிட் என்ற இருவர், அங்கே அடிக்கும் காற்றில் வீசுகதவுகளை யாராலும் திறக்க முடியவில்லை என்று பார்த்து யோசித்தது. 1960-இல் பயனுக்கு வந்தது. பலமான ஆட்களுக்கே கதவு கனத்தபோது அவ்வளவு சீக்கிரம் வழி பிறந்திருக்கிறது.

தொடுவிரல் | புதன், காலை 7:30

சுழல்கதவு பற்றி யாரும் பேசவில்லையே. என்னால் அதற்குள் கோலோடு போக முடியாது, கார்முகிலாலும் முடியாது, வேம்புவால் முடியவே முடியாது.

நிழல்மரம் | புதன், காலை 8:10

வான் கேனல் என்ற அமெரிக்கர் 1888-இல் சுழல்கதவுக்குக் காப்புரிமை வாங்கினார். எப்போதும் சாத்தியே இருக்கும் கதவு என்பதுதான் அதன் பலம். உயரமான கட்டடத்தில் உள்காற்றும் வெளிக்காற்றும் ஒன்றையொன்று இழுக்கும்போது சாதாரணக் கதவு திறக்க முடியாமல் கனக்கும். இரண்டு சதுர மீட்டர் கதவில் வெறும் 25 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தாலே கைப்பிடியில் 25 நியூட்டன் கூடிவிடும். அதனால் சுழல்கதவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பக்கத்தில் வீசுகதவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அது பூட்டாமல் இருக்க வேண்டும். குளிர்காற்று வெளியே போகிறது என்று அந்தக் கதவைப் பூட்டிச் சுழல்கதவைக் காட்டும் அறிவிப்பு ஒட்டுவது, வாசலையே எடுத்துவிடுவதற்குச் சமம்.

வேம்பு | வெள்ளி, மாலை 6:45

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

தராசில் தொடக்கத்தில் 6.1 கிலோ, பாதியில் 5.4 கிலோ. மூடும் நேரம் இரண்டு விநாடிக்குச் சற்று மேல். கைப்பிடிப் பக்கம் சுவர்வரை 180 மி.மீ. சமதளம் பூஜ்யம். ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் இருக்க வேண்டிய அளவையும் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அந்தத் தாளோடு கீழே வந்தார், தராசைக் கேட்டு வாங்கித் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில், சாய்தளத்தில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து இழுத்தார். "கனமாக இருக்கிறது" என்று அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

நேற்று ஆள் வந்தார். திருப்புளி அண்ணா சொன்னது அப்படியே. கீல் தொங்கியிருந்தது, பூட்டின் நாக்கு தகட்டில் உரசியிருந்தது, அதற்காக ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தார்கள். கீலைத் தூக்கி, ஸ்பிரிங்கைக் குறைத்த பிறகு 2.9 கிலோ. மூட ஆறு விநாடி. சாய்தளத்தை மடக்கிப் போட்டு மேலே சமதளம் விடுவது அடுத்த மாதம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாற்காலி பின்னால் உருளும் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. அதற்காகக் கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுத் தந்தார்கள், பிடித்துக்கொண்டு இழுக்கலாம்.

இன்று காலை மூன்றாவது முயற்சியில் நானே திறந்தேன். உள்ளே போனதும் திரும்பிப் பார்த்தேன், கதவு மெதுவாக வந்து சாத்தியது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வரப் பார்த்து மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கேள்வி. மாலையில் வெளியே போகும்போது கால்தட்டால் கதவைத் தள்ளுகிறேன், அடியில் வண்ணம் உரிகிறது. என்ன செய்யலாம்?

திருப்புளி | வெள்ளி, இரவு 7:30

தள்ளும் பக்கம் அடியில் எஃகுத் தகடு அடியுங்கள் அம்மா. தரையிலிருந்து 255 மி.மீ. உயரம்வரை வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது விதி, நான் 300 போடுவேன். கால்தட்டு அதற்கு மேலேயும் படும். தகட்டின் விளிம்பை மழுங்கச் செய்யச் சொல்லுங்கள், திருகின் தலை உள்ளே பதிந்திருக்க வேண்டும். தகடு ஏறியதும் கதவின் கனம் கூடும், மறுபடி ஒருமுறை தராசு போட்டுப் பாருங்கள்.

பொன்வண்டு | வெள்ளி, இரவு 8:15

தராசு நானும் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை பாட்டியம்மாவையும் அழைத்து எல்லாக் கதவையும் அளக்கப் போகிறோம், எண்களை இங்கே போடுகிறேன்.